மின்சார ரயில் என்னும் புறநகர் ரயில்: ஒரு சொல் விளக்கம்

சென்னையில் ஒருவர் ‘மின்சார ரயிலில் வந்தேன்’ என்றால், அவர் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கோ, சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கோ, நிலையத்துக்கு நிலையம் நின்று செல்லும் வண்டியில் வந்தார் என்றே கேட்பவர் புரிந்துகொள்வார். மதுரைக்குச் செல்லும் வைகை விரைவு வண்டியும் இன்று மின்சாரத்தால்தான் ஓடுகிறது; ஆயினும் அதை மின்சார ரயில் என்று சொல்வார் எவருமில்லை. ஆங்கிலத்தில் ‘சபர்பன் ட்ரெயின்’ என்றும், ‘கம்யூட்டர் ரயில்’ என்றும் வழங்கும் ஒரு சேவைக்குத் தமிழ்நாட்டு மக்கள் அதன் ஆற்றலைக் கொண்டு பெயர் வைத்தார்கள்; நாளிதழ்கள் ‘புறநகர் மின்சார ரயில்’ என்று இரண்டையும் சேர்த்து எழுதுகின்றன. இவற்றுள் எது எதற்கு நேரான சொல் என்பதை அறிய, ஒவ்வொரு சொல்லும் பிறந்த இடத்தையும் அந்த ரயில் வளர்ந்த வரலாற்றையும் ஒருங்கே பார்க்க வேண்டும்.

‘சபர்ப்’ என்பது இலத்தீன் மொழியின் ‘சுபுர்பியம்’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. ‘சுப்’ என்பதற்குக் கீழே என்றும் அருகே என்றும் பொருள். ‘உர்ப்ஸ்’ என்பது நகரம். நகரத்தின் மதிலை அடுத்து, ஆனால் அதற்கு வெளியே அமைந்த குடியிருப்பையே அச்சொல் குறித்தது. தமிழில் ‘புறநகர்’ என்பதும் கிட்டத்தட்ட இதே கட்டமைப்பில் அமைந்திருக்கிறது. புறம் என்றால் வெளி, பக்கம். நகர் என்பது ஊர். சங்கப் பாடல்களில் நகர் என்னும் சொல் பெரும்பாலும் மாளிகையையும் இல்லத்தையும் கோயிலையும் குறிக்கிறது என்பதால், ‘புறநகர்’ என்பதற்கு இன்று நாம் கொள்ளும் பொருள் பிற்காலத்தில் நிலைபெற்றது எனலாம். ஆனால் அந்தக் கருத்து பழையது. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ‘புறஞ்சேரியிறுத்த காதை’ என்றே ஒரு பகுதி இருக்கிறது: கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் வைகையைக் கடந்து, மதுரையின் மதிலுக்கு வெளியே உள்ள குடியிருப்பில் தங்குகிறார்கள். அடுத்து வரும் ஊர்காண் காதையில் கோவலன் நகருக்குள் சென்று, அதன் வீதிகளைக் கண்டு, மீண்டும் அந்தப் புறஞ்சேரிக்கே திரும்புகிறான். தங்குவது வெளியே, சென்று வருவது உள்ளே என்னும் வாழ்முறைக்குத் தமிழில் ஒரு பெயர் அப்போதே இருந்தது என்பதை இக்காதைத் தலைப்பு காட்டுகிறது. எனவே ‘புறநகர்’ என்பது ஆங்கிலத்தைப் பார்த்து அவசரமாக ஆக்கிய சொல் அன்று.

இரண்டாம் பாதியான ‘ரயில்’ கடன்சொல். இலத்தீனில் ‘ரெகுலா’ என்றால் நேரான கோல்; அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குச் சென்று, கம்பி, சட்டம் என்னும் பொருள்களைப் பெற்று, பின்னர் இருப்புப்பாதையின் தண்டவாளத்தைக் குறித்தது. அதாவது ஆங்கிலத்தில் ரயில் என்பது பாதை. வண்டிக்குப் பெயர் ‘ட்ரெயின்’. தமிழில் பாதையின் பெயர் வண்டிக்கு ஆகி, பாதைக்குத் தண்டவாளம் என்னும் தனிச்சொல் நின்றது. ரகரம் மொழிக்கு முதலில் வராது என்னும் இலக்கண மரபைப் பேணுவோர் ‘இரயில்’ என்று எழுதுகின்றனர். ‘ரெயில்’ என்று எழுதும் நாளிதழும் உண்டு. ‘ட்ரெயின்’ என்பதன் வேர் இழுத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினை. பின்னால் தொடர்ந்து இழுபட்டு வருவது எதுவோ அது ட்ரெயின். அந்தக் கருத்தைச் செம்மையாக ஏந்தி நிற்பது ‘தொடர்வண்டி’. இலங்கைத் தமிழில் ‘தொடருந்து’ என்றும், பழைய வழக்கில் ‘புகையிரதம்’ என்றும் சொல்கிறார்கள். நம் பாட்டன்மார் சொன்ன ‘புகைவண்டி’ நீராவி எஞ்சினைக் கண்ணால் கண்டு வைத்த பெயர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்டபோது, அதன் புகைதான் பார்த்தவர்கள் மனத்தில் முதலில் பதிந்தது.

அந்தப் புகை இல்லாமல் ஒரு வண்டி ஓடியபோதுதான் ‘மின்சார ரயில்’ என்னும் பெயர் பிறந்தது. இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று பம்பாய் விக்டோரியா முனையத்துக்கும் குர்லாவுக்கும் இடையே ஓடியது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1931-இல், மீட்டர் பாதையில் வண்டிகளை இயக்கிவந்த தென்னிந்திய ரயில்வே நிறுவனம் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஏறத்தாழ 29 கி.மீ. தொலைவை மின்மயமாக்கியது. மின்சாரம் 1500 வோல்ட் நேர்திசை மின்னோட்டமாக வழங்கப்பட்டது. எழும்பூரிலிருந்து தெற்கே செல்லும் நெடுந்தூர வண்டிகள் எல்லாம் அப்போது நிலக்கரியை எரித்துப் புகை கக்கிக்கொண்டிருந்தன. அவற்றின் அருகே, தனக்கென ஒதுக்கப்பட்ட தடத்தில், புகையின்றி ஓடிய வண்டியை மக்கள் ‘எலெக்ட்ரிக் ட்ரெயின்’ என்றும் ‘மின்சார ரயில்’ என்றும் அழைத்ததில் வியப்பில்லை. ஒரே நிலையத்தில் நிற்கும் இருவகை வண்டிகளைப் பிரித்துக் காட்ட வேண்டிய தேவையிலிருந்து எழுந்த பெயர் அது. பிறகு நெடுந்தூர வண்டிகளும் டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறிவிட்டன. பிரித்துக்காட்டும் பண்பு மறைந்தது, பெயர் மட்டும் முதலில் பெற்ற வண்டியோடு ஒட்டிக்கொண்டது. ஒரு சொல் அதன் பகுதிகள் தரும் பொருளை விட்டுக் குறிப்பிட்ட ஒன்றுக்கே உரியதாகிவிடுவதைத் தமிழ் இலக்கணம் காரண இடுகுறி என்று சொல்லும். முள்ளுடைய செடிகள் பல இருக்க, முள்ளி என்பது ஒரு செடியையே குறிப்பது போல, மின்சாரத்தில் ஓடும் ரயில்கள் பல இருக்க, மின்சார ரயில் என்பது இந்த ஒன்றையே குறிக்கிறது.

மின்சாரம் இங்கே வெறும் எரிபொருள் மாற்றம் அன்று என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்தடுத்த நிலையங்களில் நின்று அடிக்கடி ஓடும் புறநகர் சேவையை எளிதாக்கியதே அதுதான். கடற்கரை நிலையத்தில் தாம்பரம் வண்டி வந்து நிற்கும் காட்சியைக் கவனித்தால் இது விளங்கும். வண்டி நின்றதும் ஓட்டுநர் தம் பையை எடுத்துக்கொண்டு இறங்கி, நடைமேடையில் மறுமுனைக்கு நடந்து செல்கிறார். கடைசிப் பெட்டியாக இருந்தது முதல் பெட்டியாகிறது. வண்டி வந்த வழியே புறப்படுகிறது. எஞ்சினைக் கழற்றி, வேறு தடத்தில் கொண்டுபோய், மறுமுனையில் மாட்டும் வேலை இங்கே இல்லை, ஏனெனில் தனி எஞ்சினே இல்லை. இடையிடையே உள்ள சில பெட்டிகளின் அடியில் மோட்டார்கள் பொருத்தப்பட்டு, அவை அனைத்தும் ஓட்டுநரின் ஒரே கட்டுப்பாட்டில் சேர்ந்து இயங்குகின்றன. ஆங்கிலத்தில் இதை ‘எலெக்ட்ரிக் மல்டிபிள் யூனிட்’ என்பார்கள். ‘மின்தொடர்வண்டி’ என்னும் தமிழ்ச்சொல் இந்த அமைப்பைத்தான் குறிக்கிறது. இழுவிசை வண்டி நெடுகப் பரவியிருப்பதால் அது நின்ற இடத்திலிருந்து விரைவாக வேகம் பிடிக்கிறது. ஒன்றிரண்டு கி.மீ. இடைவெளியில் நிலையங்கள் இருக்கும் தடத்தில் நீராவி எஞ்சின் வேகம் எடுப்பதற்குள் அடுத்த நிலையம் வந்துவிடும். மின்தொடர்வண்டிக்கு அந்தத் தடை குறைவு. ஆகவே மின்தொடர்வண்டி என்பது பொறியமைப்பின் பெயர், புறநகர் ரயில் என்பது சேவையின் பெயர். அகராதிகள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுவது எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை.

‘மின்சாரம்’ என்னும் சொல்லில் மின் தமிழ் வேர். மின்னல், மின்மினி எல்லாம் அதிலிருந்து வந்தவை. சாரம் வடமொழி வழி வந்தது. அதனால்தான் தனித்தமிழ் வழக்கில் ‘மின்’ மட்டும் நின்று, மின்தொடர்வண்டி, மின்வண்டி என்னும் ஆக்கங்கள் வந்தன.

இந்தத் தடத்தின் நிலையப் பெயர்களே புறநகர் என்னும் சொல்லுக்கு உரை எழுதுகின்றன. கடற்கரை, கோட்டை, பூங்கா ஆகியவை நகரத்தின் உள்ளிடங்கள். அவற்றைக் கடந்தால் நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மீனம்பாக்கம் என்று பாக்கங்கள் வருகின்றன. நுங்கம்பாக்கத்தின் பெயர் முதலாம் இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் இருக்கிறது. பல்லாவரத்தில் பல்லவர் காலக் குடைவரை இருக்கிறது. 1639-இல் ஆங்கிலேயர் இடம் பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கியதால் வளர்ந்த நகரத்துக்கு, அதைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்த ஊர்கள் புறநகர் ஆயின. குரோம்பேட்டை ஒரு தோல் நிறுவனத்தின் பெயரால் வந்தது; தாம்பரம் சானடோரியம் 1928-இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்தது. மின்சார ரயில் வந்த பிறகு, 1937-இல், சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரத்தின் நடுவிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்று மாம்பலமும் கோடம்பாக்கமும் நகரத்தின் நடுப்பகுதிகள். அவற்றைப் புறநகர் என்றால் யாரும் ஒப்பமாட்டார்கள். எனினும் அவற்றின் வழியாகச் செல்லும் ரயில் புறநகர் ரயிலாகவே இருக்கிறது.

1967-இல் இத்தடம் 25 கிலோவோல்ட் மாறுதிசை மின்னோட்டத்துக்கு மாறியது. வடக்கிலும் மேற்கிலும் உள்ள அகலப்பாதையில் சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் மின்மயமாக்கல் 1979-இல் வந்தது. பின்னர் அரக்கோணம் வரை நீண்டது. 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் சென்ட்ரலின் புறநகர் முனையம் எழுந்தது. இன்றும் பலர் அதை ‘மூர் மார்க்கெட்’ என்றே சொல்கிறார்கள். தாம்பரம் தடத்தில் மீட்டர் பாதை வண்டிகள் 2004-இல் முற்றிலும் விடைபெற்றன.

இனி ‘கம்யூட்டர்’. இச்சொல்லின் வரலாறு பயணத்திலிருந்து தொடங்கவில்லை, சீட்டிலிருந்து தொடங்குகிறது. இலத்தீனில் ‘கொம்முதாரே’ என்றால் ஒன்றை மற்றொன்றாக மாற்றுதல். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க ரயில் நிறுவனங்கள், நாள்தோறும் தனித்தனியே கட்ட வேண்டிய கட்டணங்களை ஒரே தொகையாக மாற்றி, சலுகை விலையில் ‘கம்யூட்டேஷன் டிக்கெட்’ விற்றன. அதை வாங்கியவர் கம்யூட்டர் ஆனார். அவர் செய்த பயணம் பின்னர்தான் அந்த வினைக்குப் பொருளாயிற்று. நம்மிடம் அந்தச் சீட்டுக்குப் பெயர் ‘சீசன் டிக்கெட்’. சீசன் என்பதன் வேர் விதைப்பு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்; விதைப்புக் காலம் பருவமாகி, பருவம் பொதுவாகக் காலவரையாகியது. ‘பருவச்சீட்டு’ என்னும் மொழிபெயர்ப்பு இந்த வரலாற்றுக்குப் பொருந்தினாலும், மாதக்கணக்கிலும் காலாண்டுக் கணக்கிலும் தரப்படும் சீட்டுக்கு ‘மாதச்சீட்டு’, ‘காலாண்டுச் சீட்டு’ என்பவையே தெளிவானவை. கம்யூட்டருக்கு நாளிதழ்களில் ‘தினசரிப் பயணி’ வழங்குகிறது. ‘அன்றாடப் பயணி’ என்பது தமிழாகவும் இருக்கிறது, சொன்னவுடன் விளங்கவும் செய்கிறது. ஆனால் ‘கம்யூட்டர் ரயில்’ என்பதை ‘அன்றாடப் பயணி ரயில்’ என்று எழுதத் தேவையில்லை என்பது என் கருத்து. ஆங்கிலத்திலேயே அமெரிக்கர் கம்யூட்டர் ரயில் என்பதும் இந்திய ரயில்வே சபர்பன் என்பதும் ஏறக்குறைய ஒரே சேவையைத்தான். ஒன்று ஏறும் ஆளைப் பார்க்கிறது, மற்றொன்று செல்லும் இடத்தைப் பார்க்கிறது. தமிழ் இடத்தைப் பார்த்தது, அதுவே போதும்.

கடற்கரையிலிருந்து சேப்பாக்கத்துக்கு 1995-இலும், மயிலாப்பூர் வரை 1997-இலும், வேளச்சேரி வரை 2007-இலும் வந்த உயர்மட்டத் தடத்துக்குப் பெயர் ‘பறக்கும் ரயில்’. அதில் ஓடுவதும் மின்தொடர்வண்டிதான், ஆயினும் மக்கள் பேச்சில் அது மின்சார ரயில் அன்று. 2015-இல் வந்த மெட்ரோவும் அவ்வாறே தன் பெயரோடு நின்றுவிட்டது. மெட்ரோ என்பது கிரேக்க மொழியில் தாய்நகர் என்னும் பொருளுடைய சொல்லின் தலைப்பகுதி.

எல்லை பற்றிய ஒரு கேள்வி எஞ்சுகிறது. சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் ஏறத்தாழ 70 கி.மீ.; வடக்கே சூலூர்பேட்டைக்குச் செல்லும் வண்டி ஆந்திரத்துக்குள்ளேயே போகிறது. இவ்வளவு தொலைவிலுள்ள ஊர்களைச் சென்னையின் புறநகர் என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு உவப்பாக இராது, பொருளளவிலும் சரியன்று. ‘வட்டார ரயில்’ என்னும் சொல்லை இங்கே வைக்கலாம் என்று சிலர் கருதக்கூடும். நான் அதை வேறொன்றுக்கு ஒதுக்கிவைக்கவே விரும்புகிறேன்: ஓர் ஊரை மையமாகக் கொள்ளாமல், பல நகரங்களை இணைத்து ஓடும் ‘மெமு’ (நெடுந்தடங்களில் ஓடும் மின்தொடர்வண்டி) போன்ற வண்டிகளுக்கு அது பொருந்தும். ஒரே பெருநகரத்தை நோக்கிக் காலையில் சென்று மாலையில் திரும்பும் மக்களுக்காக ஓடும் வண்டி, அது எவ்வளவு தொலைவு சென்றாலும், புறநகர் ரயில்தான்; அதை வரையறுப்பது தொலைவன்று, அந்தப் போக்குவரவு. எழுத்தில், குறிப்பாகப் பாடநூலிலும் அரசு ஆவணத்திலும், இச்சொல்லையே ஆளலாம். பேச்சில் மின்சார ரயிலுக்கு எந்தத் தேய்வும் வரவில்லை. 2025-இல் கடற்கரை, தாம்பரம், செங்கல்பட்டுத் தடத்தில் குளிரூட்டிய பெட்டிகளுடன் புதிய வண்டி வந்தபோது, அதற்கும் ‘ஏசி மின்சார ரயில்’ என்றே பெயர் வழங்கியது.