அணுக்க அமைப்பாளர்: ஒரு சொல்லைத் தேடி

கொடைக்கானல் நாயுடுபுரம் பக்கம் ஒரு பழைய கல் வீட்டைப் படப்பிடிப்புக்கு விட்டிருந்தார்கள். இரண்டு நாளும் காதல் காட்சிதான். வந்திறங்கிய கூட்டத்தில் ஒரு பெண்ணிடம் மட்டும் கேமராவோ மேக்கப் பெட்டியோ இல்லை. தோல் நிற டேப், காற்றுப் போன மாதிரி தட்டையான ஒரு பந்து, கனமான இரண்டு அங்கிகள், ஒரு நோட்டு. ஜன்னலை மறைக்க ஒரு ஜமக்காளம் கிடைக்குமா என்று அவர் கேட்டதும், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா எடுத்துக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன வேலைங்க?"

"இன்டிமசி கோஆர்டினேட்டர்."

"தமிழ்ல சொல்லுங்க."

உடனே ஒரு சொல் வரவில்லை.

வேலையைச் சொல்லிவிடலாம். கட்டிப்பிடிப்பது, முத்தம், படுக்கை என்று வரும் காட்சிகளை நடிப்பவர்களோடு அவர் முன்கூட்டியே தனித்தனியாகப் பேசுகிறார். எங்கே தொடலாம், எங்கே கூடாது என்பதை எழுதி வாங்குகிறார். பிறகு சண்டைக்காட்சியை அமைப்பதுபோல அசைவு அசைவாகக் கோக்கிறார்: கை எந்த எண்ணிக்கையில் தோளுக்கு வரும், மூச்சு எப்போது மாறும் என்பதுவரை. இரண்டு உடல்களுக்கு நடுவே அந்தத் தட்டைப் பந்து இருக்கும். கேமராவுக்குத் தெரியாது. தேவையான சிலரைத் தவிர எல்லோரும் வெளியே போக வேண்டும். ஒப்புக்கொண்டவர் நடுவில் மனம் மாறினாலும் அந்த ஷாட் நிற்கும். அசைவு தனக்கு மனப்பாடம் என்று தெரிந்தால் நடிகரின் மனம் பயத்தை விட்டு நடிப்புக்குப் போகும். இப்படிப்பட்ட காட்சியை நடிகர்கள் சமாளிக்கும் வழியில் பெரும்பகுதி இதுதான்.

இப்படி ஒரு பதவி வந்து அதிக நாள் ஆகவில்லை. 2017இல் பாலியல் அத்துமீறல்களுக்கு எதிராக 'மீ டூ' குரல்கள் எழுந்த பிறகு, 'தி டியூஸ்' தொடரில் நடித்த எமிலி மீட் கேட்டுக்கொண்டதால் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எச்.பி.ஓ. இந்த வேலைக்கு அலிசியா ரோடிஸை அமர்த்தியது. 2018இல் இப்படிக் காட்சிகள் உள்ள தன் தொடர்கள் எல்லாவற்றுக்கும் இதை நடைமுறையாக்கியது. இந்தியில் 2022இல் வந்த 'கெஹ்ரையான்' படத்தில் தார் காய் என்ற இயக்குநர் இந்தப் பணியைச் செய்தார்.

சரி, சொல்லுக்கு வருவோம். 'இன்டிமசி'யின் வேர் லத்தீன் 'இன்டிமுஸ்'. மிக உள்ளே இருப்பது என்று பொருள். நம் பத்திரிகைகள் 'நெருக்கமான காட்சி' என்று எழுதுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. நெருக்கம் என்றால் பஸ்ஸில் நிற்கும் கூட்டமும்தான். நெருக்கடி, நெருக்குதல் எல்லாம் அதே வேர். யாரும் யாரையும் நெருக்கக் கூடாது என்பதற்காகவே வந்த வேலைக்கு அந்தச் சொல்லா? 'அந்தரங்கம்' பொருளுக்குப் பக்கத்தில் வருகிறது, ஆனால் ரகசியம் என்ற வாடை அடிக்கிறது. 'படுக்கையறைக் காட்சி'யைப் பேசவே வேண்டாம்.

'அணுக்கம்' இருக்கிறதே. அணுகு என்பதிலிருந்து வந்தது. ஒருவர் விரும்பி அருகே வருவதும், இன்னொருவர் வரவிடுவதும் அதில் இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் இறைவனுக்கு மிக அருகே போகும் வாயிலுக்குத் திருவணுக்கன் திருவாயில் என்று பெயர். திருவாரூர்க் கல்வெட்டு ராஜேந்திர சோழனின் அன்புக்குரிய பரவை நங்கையை 'அணுக்கியார்' என்று மரியாதையோடு சொல்கிறது. பக்தியும் காதலும் புழங்கிய சொல், கொச்சைப்படாமல் இருக்கிறது. டைட்டில் கார்டில் 'நடன அமைப்பு' என்று போடுகிறோம். அதற்குக் கீழே 'அணுக்க அமைப்பு' என்று போட்டால் கண்ணை உறுத்தாது. ஆளைக் குறிக்க, அணுக்க அமைப்பாளர்.

இந்த மலையில் இருந்துகொண்டு இதை யோசிப்பதில் ஒரு பொருத்தமும் உண்டு. சங்கப் பாடல்களில் மலைநிலத்துக்கு உரிய குறிஞ்சித் திணையின் உரிப்பொருளே, அதாவது பாடுபொருளே, புணர்தல்தான். அந்தப் பாடல்களில் தலைவனும் தலைவியும் சந்திக்க இடமும் நேரமும் குறிப்பவள் தோழி. இன்று வராதே, காட்டு வழி பொல்லாதது என்று தலைவனிடம் நேராக மறுப்பவளும் அவள்தான். 'இரவுக்குறி மறுத்தல்' என்று அதற்கே ஒரு துறை வைத்தார்கள். அதே மலைகளில், கொடைக்கானலிலும் ஊட்டியிலும், நாயகனுக்கு ஸ்வெட்டரும் நாயகிக்கு மெல்லிய சேலையுமாக எத்தனை டூயட் எடுத்தோம்! குளிருதா என்று அந்தப் பெண்ணிடம் கேட்க ஒரு தோழி இருந்தாளா? அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் கதவு திறந்தது. நடித்த இருவரும் அந்த அங்கிகளோடு வராந்தாவுக்கு வந்தார்கள். பாத்திரப் பெயரை விட்டுவிட்டு, சொந்தப் பெயரைச் சொல்லிக் கை குலுக்கிக்கொண்டார்கள். அப்படிச் செய்யச் சொல்லிக் கொடுத்தவர் பின்னால் ஜமக்காளத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

"அணுக்க அமைப்பாளர்" என்றேன் அக்காவிடம். அவர் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, மூன்று டம்ளர் டீயோடு வராந்தாவுக்குப் போனார்.