சூத்தை இல்லாத கத்தரிக்காய்தான் வேண்டுமா?

சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு காயாக எடுத்து உருட்டிப் பார்ப்பார்கள், புழு துளைத்த ஒரு சின்ன ஓட்டை கண்ணில் பட்டால் போதும், சூத்தை என்று திரும்பக் குவியலுக்குள் போட்டுவிடுவார்கள். ஓட்டையே இல்லாத காய் எப்படி வருகிறது என்பதைத்தான் இதில் எழுதப் போகிறேன். விவசாயப் போதனாசிரியராகத் தோட்டம் தோட்டமாகப் போகும்போது நான் கேட்கிற கவலையெல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது.

யாழ்ப்பாணத்தில் கோப்பாய், நீர்வேலி, உரும்பிராய்ப் பக்கம் கத்தரி வைக்கிறவர்களில் அநேகம் பேர் சின்னக் கமக்காரர். நாலு பரப்பு, ஆறு பரப்புக் காணிதான் இருக்கும். பதினாறு பரப்பு சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். அதிலும் பாதி குத்தகைக் காணி, சொந்தக்காரர் வெளிநாட்டில். விடியப்புறம் கமக்காரர் மெசினைப் போட்டுத் தண்ணி இறைக்க, மனைவி பாத்தி பாத்தியாகத் தண்ணி மாறுவா, மாமி ஆய்ந்த காயைத் தரம் பிரிப்பா. கூலிக்கு ஆள் பிடித்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

கத்தரியில் பெரிய தலையிடி தண்டையும் காயையும் துளைக்கிற புழு. அந்துப்பூச்சி இரவில் வந்து இலைக்கு அடியில் முட்டை இடும். பொரித்த புழு சில மணித்தியாலத்திலேயே குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்து, போன வழியைத் தன் எச்சத்தால் அடைத்துவிடும். வாடித் தொங்குகிற ஒரு நுனியை ஒடித்து நகத்தால் பிளந்து பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு இருக்கும். மேலே தெளிக்கிற மருந்து அந்த இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது. சேரவில்லை என்று திரும்பவும் அடிப்பார்கள், பிறகு இரண்டு மருந்தைக் கலந்து அடிப்பார்கள்.

இதில் ஆபத்தான இடம் ஒன்று இருக்கிறது. மருந்துப் போத்தலில், அடித்த பிறகு எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்று தமிழிலும் போட்டிருக்கும். மருந்தைப் பொறுத்து அது ஒரு கிழமையாகவும் இருக்கும், இரண்டு கிழமையாகவும் இருக்கும். ஆனால் காய்க்கத் தொடங்கிய கத்தரியை நாலைந்து நாளுக்கு ஒருக்கால் ஆய்ந்தே ஆகவேண்டும், விட்டால் முற்றிவிடும். ஆகவே காய்க்கிற காலத்தில் தொடர்ந்து மருந்து அடிக்கிறவர் அந்த இடைவெளியைக் காப்பாற்றவே முடியாது, மருந்து தங்கிய காய்தான் சந்தைக்கு வரும். ஒரு கமக்காரர் என்னிடம் நேராகவே சொன்னார்: "மிஸ், நீங்கள் சொல்லுறது சரி. ஆனா சூத்தைக் காயைக் கொண்டுபோனா ஒருத்தரும் தொடமாட்டினம். நான் என்ன செய்ய?" அவருக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை, அந்தப் பதில் வாங்குகிறவர்களிடம்தான் இருக்கிறது.

மருந்தைக் குறைக்க வழி இருக்கிறது. வாடிய நுனிகளைக் கிழமைக்குக் கிழமை வெட்டி எரிக்கலாம். சூத்தைக் காயை வரம்பில் எறியாமல் அழிக்கலாம். ஆண் அந்துப்பூச்சியை மணத்தால் இழுத்துப் பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாம். பழைய கத்தரிக் கட்டையை அடுப்புக்கென்று வேலியோரம் அடுக்கி வைப்பதையும் நிறுத்தவேண்டும், பூச்சி அதற்குள்ளிருந்தும் கிளம்பி வரும். பக்கத்துத் தோட்டக்காரரும் சேர்ந்து செய்தால்தான் பலன். இவ்வளவும் செய்தாலும் கொஞ்சம் சூத்தை வரத்தான் செய்யும், அதை நாங்கள் ஏற்றுக்கொள்ளப் பழகவேண்டும்.

இன்னொன்று, எங்கள் செம்பாட்டு மண் தண்ணீரை விறுவிறென்று கீழே விட்டுவிடும், அடியில் வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக்கல். வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்று இல்லாத குடாநாட்டில் தோட்டத்துக்கு இறைப்பதும் வீட்டில் குடிப்பதும் பெரும்பாலும் இந்த நிலத்தடி நீரைத்தான். அளவுக்கு மிஞ்சி நாங்கள் போடுகிற உரமும் மருந்தும் கடைசியில் போய்ச் சேரக்கூடிய இடம் அதுதான்.

2021 மே மாதம் இலங்கை அரசாங்கம் இரசாயன உரத்துக்கும் பீடைநாசினிக்கும் இறக்குமதித் தடை போட்டது, நவம்பரில் விலக்கியது. இடையில் நொந்துபோனது கமக்காரர்தான். மாற்று வழிக்கு ஆளையும் சந்தையையும் தயார்ப்படுத்தாமல் கட்டளையால் மட்டும் தோட்டத்தை மாற்ற முடியாது என்பது அந்த ஆறு மாதத்தில் நன்றாகத் தெரிந்தது. வாங்குகிறவர் கேட்பது மாறினால் தோட்டமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? தோட்டத்துக்குப் பக்கத்தில் வீதியோரம் விற்கிறவர்களிடம் வாங்குங்கள். "கடைசியா எப்ப மருந்து அடிச்சனீங்கள்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள், அதை நீங்கள் கவனிக்கிறீர்கள் என்று தெரிந்தாலே அடுத்த முறை அவரும் கவனிப்பார். மருந்தைக் குறைத்தவரின் காயில் ஓட்டை இருந்தால் அதைக் காட்டி விலை குறைக்காதீர்கள், அந்தத் துண்டை வெட்டி எறிந்தால் மிச்சம் நல்ல பால்கறிக்கு உதவும். சில சந்தைகளில் நூறு கிலோ கொண்டுபோனால் பத்துக் கிலோவைக் கழிவு என்று கழித்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறார்கள், அங்கே நட்டப்பட்டவரிடம் நீங்களும் வந்து இருபது ரூபாய்க்கு இழுபறிப்படவேண்டாம்.

கத்தரி வைத்திருப்பவர்கள் மருந்துக் கடைக்குப் போக முன்னர் உங்கள் பகுதிப் போதனாசிரியரிடம் கேளுங்கள், இல்லாவிட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுங்கள். வாடிய நுனி ஒன்றையும் ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டு கதைத்தால் விளங்கப்படுத்த இன்னும் சுகம்.