கைவிலங்குச் சாவியை உடன் வைத்திருந்தால் பாதுகாப்பா? விலங்கு மாட்டுவது பற்றிச் சட்டம் சொல்வது

சென்ற மாதம் ஊருக்கு வந்திருந்த என் அக்காள் மகனின் வண்டிச் சாவிக் கொத்தில், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஓர் உருளைச் சாவி தொங்கியது. முனையில் ஒரே ஒரு சிறு பல் மட்டும் இருந்தது. எந்தப் பூட்டுக்கு என்று கேட்டேன். "கைவிலங்குக்கு மாமா. ஆன்லைனில் வாங்கினேன். தப்பே செய்யாதவனைப் பிடித்து விலங்கு மாட்டினால் உதவுமே" என்றான். அமெரிக்காவில் அன்றாடம் உடன் வைத்திருக்க வேண்டியவை என்று கத்தி, டார்ச் லைட்டோடு இதையும் சேர்த்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே புழங்கும் விலங்குகளில் பெரும்பாலானவை ஒரே வகைச் சாவிக்குத் திறந்துவிடும். அவனுடைய அச்சத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அந்தச் சாவி அவனுக்கு உதவாது என்பதோடு, கெடுதலும் செய்யும் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

கைவிலங்குச் சாவி என்று பெயர் சொல்லித் தடுக்கும் பிரிவு எதுவும், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. சிக்கல் கைதுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. கைதானவரைச் சோதனையிட்டு, உடுத்திய துணி தவிர மற்றப் பொருள்களை எடுத்துப் பாதுகாப்பில் வைத்து, அவற்றுக்கு ரசீது தர வேண்டும் என்கிறது, கைது, விசாரணை ஆகியவற்றின் நடைமுறையைச் சொல்லும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 49ஆவது பிரிவு. ஆகவே சாவிக் கொத்து முதலிலேயே கையை விட்டுப் போய்விடும். ஒளித்து வைத்திருந்து பின்னால் அகப்பட்டால், "இவர் தப்பி ஓடக்கூடியவர்" என்று எழுதுவதற்கு அதுவரை காரணம் இல்லாதிருந்த காவலருக்கு நாமே ஒரு காரணத்தைக் கொடுத்தவர்கள் ஆவோம். அதைக்கொண்டு விலங்கைத் திறந்துகொண்டு போனாலோ, சட்டப்படியான காவலிலிருந்து தப்பிய குற்றம் நியாய சன்ஹிதாவின் 262ஆவது பிரிவின்கீழ் தனியாகச் சேரும். இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. முதல் வழக்கில் விடுதலை ஆகக்கூடிய மனிதர் இரண்டாவது வழக்கில் சிக்கிக்கொள்வார். அமெரிக்காவிலேயே புளோரிடா மாநிலத்தில், விலங்கிடப்பட்டவர் சாவியை மறைத்து வைத்திருப்பதே பெருங்குற்றம். பிடிபட்ட உடனே அதிகாரியிடம் சொல்லிவிட்டால் மட்டும் தப்பலாம்.

இனி, யாருக்கு விலங்கு மாட்டலாம் என்பதைப் பார்ப்போம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சுரக்ஷா சன்ஹிதாவின் 43(3) பிரிவு இதைச் சொல்கிறது. திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர், காவலிலிருந்து தப்பியவர், திட்டமிட்ட கூட்டுக் குற்றம், பயங்கரவாதச் செயல், போதைப்பொருள் குற்றம், சட்டவிரோத ஆயுதம், கொலை, பாலியல் வன்கொடுமை, அமில வீச்சு, கள்ள நாணயம் அல்லது நோட்டு, ஆள் கடத்தல் வணிகம், குழந்தைகள் மீதான பாலியல் குற்றம், அரசுக்கு எதிரான குற்றம் ஆகியவற்றுக்காகப் பிடிபட்டவர் ஆகியோரைக் கைது செய்யும்போதும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும்போதும், குற்றத்தின் தன்மையையும் கடுமையையும் மனத்தில் கொண்டு, காவல் அதிகாரி விலங்கைப் பயன்படுத்தலாம். "பயன்படுத்தலாம்" என்றுதான் இருக்கிறது, "பயன்படுத்த வேண்டும்" என்று இல்லை. 2023இல் முதலில் வந்த மசோதாவில் பொருளாதாரக் குற்றங்களும் இருந்தன. நாடாளுமன்ற நிலைக்குழுவின் பரிந்துரைக்குப் பின் அவை நீக்கப்பட்டன. அண்டை வீட்டுத் தகராறு, காசோலை வழக்கு, போராட்டத்தில் கலந்துகொண்டது, சாலை விபத்து என்று சாதாரண மக்கள் அகப்படும் வழக்குகள் எவையும் இந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் உள்ளவருக்கும்கூட 46ஆவது பிரிவு பொருந்தும்: தப்பாமல் தடுக்கத் தேவையானதற்கு மேல் யாரையும் கட்டுப்படுத்தக் கூடாது.

இந்தப் பிரிவு வந்துவிட்டதால் விலங்கு பற்றி உச்ச நீதிமன்றம் தந்த பழைய தீர்ப்புகள் காலாவதியாகிவிட்டன என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியன்று. அவை அரசமைப்பின் 21ஆம் உறுப்பை, அதாவது உயிருக்கும் தனிமனித விடுதலைக்குமான உரிமையை அடிப்படையாகக் கொண்டவை. சாதாரணச் சட்டம் அதற்குக் கட்டுப்பட்டது. அவற்றுள் முதன்மையானது ஒரு தந்தியில் தொடங்கியது. திகார் சிறையிலிருந்த பிரேம் சங்கர் சுக்லா என்ற விசாரணைக் கைதி, நீதிமன்றத்துக்குப் போகும் வழியெல்லாம் தன்னை விலங்கிட்டுக் கொண்டுபோகிறார்கள் என்று உச்ச நீதிமன்றத்துக்குத் தந்தி அடித்தார். அதையே மனுவாக ஏற்று, 1980 ஏப்ரல் 29 அன்று தீர்ப்பை எழுதியவர் சென்னைச் சட்டக் கல்லூரியில் படித்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். அப்போதைய பஞ்சாப் காவல் விதிகள் வசதியும் படிப்பும் உள்ள "மேல்வகுப்பு" விசாரணைக் கைதிகளுக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயம் என்று வைத்திருந்தன. ஏழையின் கைக்கு மட்டும் விலங்கு என்ற அந்தப் பாகுபாட்டை நீதிமன்றம் செல்லாது என்றது. விலங்கு மாட்டுவது பார்த்த மாத்திரத்திலேயே மனிதத்தன்மையற்ற செயல் என்றது தீர்ப்பு. தப்பி ஓடும் ஆபத்து தெளிவாக இருந்து, வேறு வழியும் இல்லாதபோது மட்டுமே அதைச் செய்யலாம். அப்போதும் காரணத்தை அதிகாரி எழுதி வைத்து, நடுவரின் (மாஜிஸ்திரேட்டின்) ஒப்புதலைப் பெற வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது.

1995இல் அடுத்த பெரிய தீர்ப்பு வந்தது. குவாஹாத்தி மருத்துவமனையில், அன்றைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின்கீழ் பிடிபட்ட கைதிகள் ஏழு பேர் கட்டிலோடு விலங்கிடப்பட்டுக் கிடந்ததைப் பார்த்த பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் கடிதம் எழுத, அதன்மேல் உச்ச நீதிமன்றம், சிறையிலோ வழியிலோ நடுவரின் உத்தரவு இல்லாமல் கைதிக்கு விலங்கிடுவது நீதிமன்ற அவமதிப்பாகும் என்றது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2025 பிப்ரவரி 7 அன்று, விஹான் குமார் வழக்கில் அதே காட்சி திரும்பவும் வந்தது: மோசடி வழக்கில் கைதானவர் ரோத்தக் மருத்துவமனைக் கட்டிலில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார். இது 21ஆம் உறுப்பை மீறியது என்று கூறிய நீதிமன்றம், இனி அவ்வாறு நிகழாதபடி விதிமுறை வகுக்க ஹரியாணா அரசுக்கு உத்தரவிட்டது. கைதுக்கான காரணத்தை அவரிடம் தெரிவிக்காததால் கைதே செல்லாது என்றும் சொன்னது.

பதவி இருந்தாலும் இது நேரும். 1989 செப்டம்பரில் குஜராத்தின் நடியாத் நகரில், தலைமை நீதித்துறை நடுவரையே காவலர்கள் விலங்கிட்டு, கயிற்றால் கட்டி, புகைப்படம் எடுத்து, மருத்துவமனையில் ஊரார் பார்வைக்கு உட்காரவைத்தார்கள். அவரை மீட்டது மறைத்து வைத்த சாவியன்று. 1991இல் உச்ச நீதிமன்றம் அவமதிப்பு வழக்கில் அந்தக் காவல் அதிகாரிகளைத் தண்டித்தது. இழப்பீடும் கிடைத்திருக்கிறது. மகாராஷ்டிரத்தில் விலங்கிட்டுத் தெருவழியே நடத்தப்பட்ட ஒருவருக்கு 10,000 ரூபாய் வழங்கச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் 1991இல் நிலைநிறுத்தியது. 2022இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு சட்ட மாணவருக்கு 2 லட்சம் ரூபாய் தரச் சொன்னது.

குழந்தைகளுக்கு எந்த வழக்கிலும் விலங்கு கூடாது என்பது 2016ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதி மாதிரி விதி.

காவலர் விலங்கை எடுக்கும்போது கையை இழுத்து மல்லுக்கு நிற்க வேண்டாம். எந்தப் பிரிவில் கைது, விலங்குக்கு என்ன காரணம், அதை எழுதியிருக்கிறீர்களா என்று அமைதியாகக் கேளுங்கள். கூட இருப்பவரைக் கேட்கச் சொல்வது இன்னும் நல்லது. கைது பற்றி உறவினருக்குச் சொல்ல வேண்டியது சுரக்ஷா சன்ஹிதாவின் 48ஆவது பிரிவின்படி காவலரின் கடமை. அதே சட்டத்தின் 53ஆவது பிரிவின்படி நடக்கும் மருத்துவப் பரிசோதனையின்போது, மணிக்கட்டைச் சுற்றிச் சிவந்த வளையமோ தோல் கீறலோ இருந்தால் மருத்துவரிடம் காட்டி, அது ஏற்பட்ட நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள். அந்த அறிக்கையின் நகல் உங்களுக்கோ நீங்கள் குறிப்பிடுபவருக்கோ கிடைக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தும்போது, ஜாமீன் பேச்சு தொடங்குமுன்பே, "என்னை விலங்கிட்டுக் கொண்டுவந்தார்கள்" என்று சொல்லிப் பதிவு செய்யக் கேளுங்கள். வழக்கறிஞர் இல்லையென்றால் சட்ட உதவி எண் 15100இல் குடும்பத்தார் பேசலாம். மனித உரிமை ஆணையத்துக்குப் போவதானால் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் புகார் தர வேண்டும்.