ஆம்பியருக்கு அஞ்ச வேண்டாம், வோல்ட்டைப் பாருங்கள்

சென்ற வாரம் சென்னை ரிச்சி தெருவிலுள்ள என் சர்வீஸ் கடைக்குத் தாம்பரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் வந்தார். துணிப்பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து வைத்து, "சூடாகிறதே என்று வெளியே ஒரு ஃபேன் வைத்தேன் சார், அதோடு அணைந்துவிட்டது" என்றார். இந்தக் கோடையில் இதே கதையோடு வந்த நான்காவது மடிக்கணினி அது.

மதர்போர்டைக் கழற்றி மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தேன். யுஎஸ்பி போர்ட்டின் உள்நாக்கு பழுப்பேறி வளைந்திருந்தது. அதன் டேட்டா தடத்தில் கடுகிலும் சிறிய பாதுகாப்பு ஐசி ஒன்று வெடித்து, சுற்றிலும் கரி அப்பியிருந்தது. அவர் கட்டிய வயரைப் பிரித்ததும் காரணம் தெரிந்தது. ஃபேன் 12 வோல்ட், யுஎஸ்பியில் வருவது 5 வோல்ட். அதனால் பழைய டேட்டா கேபிளை வெட்டி, 5 வோல்ட்டை 12 ஆக உயர்த்தும் பூஸ்டரில், மின்சாரம் வரும் சிவப்பு, கறுப்பு வயர்களைச் சேர்த்திருக்கிறார். டேட்டா செல்லும் பச்சையையும் வெள்ளையையும் முனை மூடாமல் அப்படியே விட்டிருக்கிறார். மேலே சுற்றிய டேப் வெயிலில் பசை இளகி நழுவியிருக்கிறது. பச்சை வயர் 12 வோல்ட் முனையைத் தொட்டுவிட்டது. 3.3 வோல்ட்டில் வேலை செய்யும் தடம் அது. அதன் மறுமுனையில் இருப்பது பிராசசர். போர்டையே மாற்ற வேண்டும் என்று சொன்னபோது அந்தப் பையனின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"வீட்டில் 12 வோல்ட் அடாப்டர் எதுவும் இல்லையா, தம்பி?" என்று கேட்டேன். இருந்ததாம். பழைய ரவுட்டருடையது, 12 வோல்ட், 2 ஆம்பியர். "ஃபேன் 0.25 ஆம்பியர்தானே சார். 2 ஆம்பியர் கொடுத்தால் எரிந்துவிடும் என்று பயந்துதான் லேப்டாப்பிலிருந்து எடுத்தேன்."

இந்த ஒரு பயத்தைப் போக்க எத்தனை வருடங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்! அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் ஆம்பியர், அது திணிக்கும் அளவு அல்ல. கேட்டால் அதுவரை கொடுக்க முடியும் என்ற உச்ச வரம்பு. உங்கள் மொட்டைமாடியில் 500 லிட்டர் தொட்டி இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, நீர்மட்டம் மாறாமல் 2000 லிட்டர் தொட்டி வைக்கிறீர்கள். குளியலறைக் குழாயில் தண்ணீர் நான்கு மடங்கா கொட்டுகிறது? குழாயை எவ்வளவு திறக்கிறீர்களோ அவ்வளவுதான் வரும். அதே தொட்டியைப் பத்தாவது மாடிக்கு ஏற்றி, அங்கிருந்து நேராகக் கீழ்வீட்டுக்குக் குழாய் இழுத்தால் வாஷர் பிய்த்துக்கொள்ளும். அந்த உயரம்தான் வோல்ட். 12 வோல்ட் இருந்தால் போதும், அடாப்டர் 2 ஆம்பியரோ 5 ஆம்பியரோ, அந்த ஃபேன் தனக்கு வேண்டிய 0.25 ஆம்பியரைத்தான் எடுக்கும். மடிக்கணினியின் பழைய 19 வோல்ட் அடாப்டரில் மாட்டினால்தான் எரியும். அப்படி மாட்டிவிட்டு, "ஆம்பியர் கொஞ்சம்தானே சார்" என்று வருகிறவர்களும் உண்டு. வோல்ட் சமமாக இருக்க வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடவோ இருக்கலாம். தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள்.

பயப்பட வேண்டிய இடம் யுஎஸ்பி போர்ட். யுஎஸ்பி 2.0 தருவது 0.5 ஆம்பியர், 3.0 தருவது 0.9. அந்த மாணவரின் ஃபேனுக்கு 3 வாட் வேண்டும். பூஸ்டரில் வீணாவதையும் சேர்த்தால் 5 வோல்ட் பக்கம் ஏறக்குறைய 0.7 ஆம்பியர் இழுக்கும், சுழலத் தொடங்கும் கணத்தில் இன்னும் கூடுதல். பச்சை வயர் தொடாமலே இருந்திருந்தாலும் யுஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு அது அதிகம்.

ஃபேனின் லேபிளில் 5 வோல்ட் என்றிருந்தால் யுஎஸ்பி வயர் வைத்து சாதாரண போன் சார்ஜரில் செருகுங்கள். 12 வோல்ட் என்றிருந்தால் 12 வோல்ட் அடாப்டர். இரண்டிலும் மடிக்கணினிக்கு வேலையில்லை. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய கனமான அடாப்டரை, அதாவது எலிமினேட்டரை, எடுக்காதீர்கள், 12 என்று எழுதியிருந்தாலும் சின்ன ஃபேனுக்கு 16 வோல்ட் வரை கொடுத்துவிடும். கணினி கேபினெட்டில் கழற்றிய ஃபேன் என்றால் வயர் நிறத்தில் கவனம் தேவை. மூன்று வயர் ஃபேனில் பெரும்பாலும் சிவப்புதான் 12 வோல்ட், மஞ்சள் வேக அளவுக்கானது. நான்கு வயர் ஃபேனில் பெரும்பாலும் மஞ்சளே 12 வோல்ட். மலிவான கேபிள்களில் நிறத்தையும் நம்ப முடியாது, மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். இணைப்பை ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே ஸ்லீவ் என்னும் பிளாஸ்டிக் உறை போடுங்கள். டேப் மட்டும் போதவே போதாது.

இன்னொன்று. காற்று வெளியேறும் பக்கவாட்டுத் துளைக்கு எதிரே ஃபேனை வைக்காதீர்கள், சூடான காற்று உள்ளேயே திரும்பும். பின்பக்கத்தை ஓர் அங்குலம் தூக்கி, அடியில் காற்று படும்படி வையுங்கள். மெத்தையிலும் தலையணையிலும் வைத்து வேலை செய்யவே கூடாது. உள்ளே சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க் இடுக்கில் கம்பளித் துணி போலத் தூசி அடைத்திருந்தால் வெளியே எத்தனை ஃபேன் வைத்தும் பயனில்லை. பல மடிக்கணினிகளுக்குத் தூசி தட்டி, பிராசசரின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றினாலே போதுமாயிருக்கிறது.

அந்த மாணவரின் கோப்புகள் இருக்கும் எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. இறுதியாண்டு ப்ராஜெக்டை வேறொரு டிரைவில் ஏற்றிக் கொடுத்து அனுப்பினேன். உங்களிடம் ஃபேனும் அடாப்டரும் இருந்து, சேருமா என்று சந்தேகம் வந்தால், வெட்டி ஒட்டுவதற்கு முன்னால் இரண்டையும் ஏதாவது ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டு போய்க் காட்டுங்கள். லேபிளைப் படித்துச் சொல்ல எங்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.