பழைய ரேமைக் கழற்ற வேண்டுமா?

காட்பாடியில் ஜெராக்ஸ் கடை நடத்தும் என் சித்தி மகன், கடைக் கணினி நாளுக்கு நாள் மந்தமாகிறது என்று சென்ற சித்திரையில் 8 ஜிபி ரேம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு என்னை அழைத்தான். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே ஏற்கெனவே ஒரு 4 ஜிபி ரேம் இருந்தது. அதற்கு அடுத்த ஸ்லாட் காலியாக, தூசி அடைந்து கிடந்தது. “அண்ணா, பழசக் கழட்டிடணுமா, இல்ல ரெண்டும் ஒண்ணா ஓடுமா?” என்று கேட்டான். விற்றவர் கழற்றிவிடும்படி சொல்லி அனுப்பியிருந்தாராம். கழற்றக் கூடாது என்பதே என் முடிவு. அதற்கான காரணம் இரண்டு ரேம்களின் ஸ்டிக்கரிலேயே இருந்தது.

பழையதில் ‘1ஆர்எக்ஸ்8 பிசி4-2400டி’ என்றும், புதியதில் ‘1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ’ என்றும் அச்சிட்டிருந்தது. ‘பிசி4’ என்றால் டிடிஆர்4, அதாவது டிடிஆர் வகை ரேமின் நான்காம் தலைமுறை. தலைமுறை ஒன்றாக இருப்பது மட்டும் விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனை. டிடிஆர்3 ரேமுக்கு 240 முனைகளும் 1.5 வோல்ட்டும், டிடிஆர்4 ரேமுக்கு 288 முனைகளும் 1.2 வோல்ட்டும் உண்டு. டிடிஆர்5 ரேமுக்கும் முனைகள் 288 என்றாலும் மின்னழுத்தம் 1.1 வோல்ட், அடிப்பகுதி வெட்டின் இடமும் வேறு. ஆகவே தலைமுறை மாறினால் ரேம் ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது. மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய சர்வர்களிலிருந்து எடுத்த டிடிஆர்4 ரேமை வாங்குகிறவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்: சர்வர்களுக்கென்றே செய்த ரெஜிஸ்டர்டு வகை ரேம் ஸ்லாட்டில் சரியாகப் பொருந்திவிடும், ஆனால் சாதாரண மேசைக் கணினி அதை வைத்துக்கொண்டு கிளம்பாது.

ஸ்டிக்கரில் வேகத்தைக் குறிக்கும் ‘2400’, ‘3200’ ஆகிய எண்கள்தான் பலரைத் தயங்க வைக்கின்றன. ஒவ்வொரு ரேமிலும் நினைவகச் சில்லுகளோடு, அரிசி மணியைவிடச் சற்றே பெரிய எஸ்பிடி என்ற சில்லு ஒன்றும் இருக்கிறது. தன் கொள்ளளவு என்ன, எந்த வேகங்களில் ஓட முடியும், எந்த வேலைக்குக் குறைந்தது எவ்வளவு நேரம் வேண்டும் என்ற விவரங்களை அது தாங்கியிருக்கும். கணினியை இயக்கியதும், திரையில் எதுவும் தோன்றுவதற்கு முன்பே, கணினியைக் கிளப்பிவிடும் அடிப்படை மென்பொருளான பயாஸ் எல்லா ரேம்களின் எஸ்பிடியையும் படித்து, அனைத்தும் ஏற்கக்கூடிய பொதுவான வேகம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. அது சராசரி அன்று. மிக மெதுவானதன் வேகம்.

காத்திருப்பு நேரத்தையும் பயாஸ் இப்படியே பேசி முடிக்கிறது. ஒரு துடிப்பில் இருமுறை தரவு நகர்வதால், 2400 ரேமில் நொடிக்கு 120 கோடி கடிகாரத் துடிப்புகள்; ஒரு துடிப்புக்கு 0.833 நானோநொடி. கேட்ட தரவைக் கொடுக்க அது 17 துடிப்புகள், அதாவது சுமார் 14.2 நானோநொடி எடுத்துக்கொள்கிறது. 3200 ரேமுக்கு ஒரு துடிப்பு 0.625 நானோநொடி; அது 22 துடிப்புகள் கேட்கிறது, பெருக்கிப் பார்த்தால் 13.75 நானோநொடிதான். 22 என்ற பெரிய எண்ணைக் கண்டு புதிய ரேமை மந்தமானது என்று நினைப்பது தவறு. அதையே 2400 வேகத்தில் ஓட்டும்போது, 13.75 நானோநொடிக்கு 16.5 துடிப்புகள் வருகின்றன. அரைத் துடிப்பு என்று ஒன்று இல்லாததால் 17 ஆகிறது. ஒத்துப்போகாதவை என்று சொல்லப்பட்ட இரண்டு ரேம்களும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன.

இந்த உடன்பாட்டில் பிராசஸருக்கும் பங்கு உண்டு. கடைக் கணினியில் இருந்தது இன்டெலின் ஐ3-8100. அதற்கு அறிவிக்கப்பட்ட நினைவக வேகமே 2400தான். ஆக, பழைய ரேமைக் கழற்றி எறிந்திருந்தாலும் புதியது 2400 வேகத்தில்தான் ஓடியிருக்கும். பழையதால் இழந்த வேகம் எதுவுமில்லை.

பழையதை நீக்கினால்தான் உண்மையான இழப்பு. வேலூரிலிருந்து காட்பாடிக்குப் போகப் பாலாற்றைக் கடக்க வேண்டும். பாலம் ஒன்றே என்றால், அக்கரையில் சாலை எவ்வளவு அகலமாக இருந்தும் வண்டிகள் வரிசையில்தான் நிற்கும். பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையே சேனல் எனப்படும் 64 பிட் அகலப் பாதைகள் இரண்டு உள்ளன. ஒரே ரேம் இருந்தால் ஒன்று வெறுமனே கிடக்கும். 2400 வேகத்தில் ஒரு சேனலின் உச்ச அளவு நொடிக்கு 19.2 ஜிபி, இரண்டும் சேர்ந்தால் 38.4 ஜிபி. கொள்ளளவு சமமாக இல்லாவிட்டாலும், இன்டெல் பிராசஸர்கள் இரண்டிலிருந்தும் 4 ஜிபி வீதம் இணைத்து 8 ஜிபிக்கு இரட்டைப் பாதையைத் தந்துவிட்டு, எஞ்சிய 4 ஜிபியை மட்டும் ஒற்றைப் பாதையில் விடுகின்றன. திரைக்கான கிராபிக்ஸ் வேலையும் இதே ரேமைத்தான் பயன்படுத்துகிறது என்பதால், இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில், பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும் பெரும்பாலும் சரியான இணை. போர்டின் கையேட்டைப் பார்த்துவிடுவது நல்லது.

ரேமைச் செருகி இயக்கியபோது திரை கறுப்பாகவே இருந்தது. சித்தி மகன் முகம் வாடிவிட்டது. ஆனால் கோளாறு ரேம்களின் பொருத்தத்தில் இல்லை. பல ஆண்டுகள் திறந்து கிடந்த ஸ்லாட்டின் தூசியில் இருந்தது. மின் இணைப்பைத் துண்டித்து, மென்மையான தூரிகையால் பள்ளத்தைச் சுத்தம் செய்து, இரு பக்கத் தாழ்களும் ‘டிக்’ என்று விழும்வரை அழுத்தியதும் திரை வந்தது. ‘சேரவில்லை’ என்று திருப்பிக் கொடுக்கப்படும் ரேம்களில் எத்தனை இப்படிப்பட்டவையோ என்று அன்று வருத்தமாக இருந்தது.

திரை வந்துவிட்டது என்பதற்காகப் பெட்டியை மூடிவிட முடியாது. ரேமில் ஒரு பிட்டைத் தாங்கும் ஒவ்வொரு செல்லும் ஒரு டிரான்சிஸ்டரும், மின்னூட்டத்தைத் தேக்கும் ஒரு கெப்பாசிட்டரும் கொண்டது. ஐபிஎம்மின் ராபர்ட் டெனார்ட் 1968-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. கெப்பாசிட்டரில் உள்ள மின்னூட்டம் ஒழுகிக்கொண்டே இருப்பதால், 64 மில்லிநொடிக்குள் ஒருமுறை ஒவ்வொரு வரிசையையும் படித்துத் திரும்ப நிரப்ப வேண்டும். வெப்பம் ஏற ஏற ஒழுக்கும் கூடும். சில்லு 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், நிரப்பும் இடைவெளியைப் பாதியாக்கச் சொல்கிறது டிடிஆர்4 தரநிலை. இரண்டு வெவ்வேறு ரேம்களைச் சேர்த்து ஓட்டும்போது பிழையைப் பொறுக்கும் இடம் குறைவு. வேலூரின் கத்திரி வெயில் அதையும் சுருக்கும். எனவே ரேமில் பிழை வருகிறதா என்று பார்க்கும் மெம்டெஸ்ட்86 சோதனையை மார்கழி இரவில் நடத்துவதைவிட, பக்கத் தகட்டை மூடி, நடுப்பகலில், கடையின் வழக்கமான புழுக்கத்தில் நடத்துவதே சரி என்பேன். எக்ஸ்எம்பி எனப்படும் கூடுதல் வேகத்தையும் முடுக்க வேண்டாம். அது அந்தந்த ரேமுக்கு அதன் தயாரிப்பாளர் சோதித்துக் கொடுத்த வேகம், வேறொன்றோடு சேர்த்துச் சோதித்ததன்று.

அன்று பகல் பதினொரு மணிக்குத் தொடங்கிய சோதனை மாலைவரை ஓடியது. ஒரு பிழை வந்திருந்தால்கூட, ரேம்களைத் தனித்தனியாகச் சோதித்து, பிறகு ஸ்லாட் மாற்றிச் சோதித்து, குற்றம் எங்கே என்று கண்டிருப்போம். பிழைக் கட்டத்தில் கடைசிவரை பூஜ்ஜியமே நின்றது. விண்டோஸ் 12 ஜிபி என்றும் 2400 என்றும் காட்டியது.