ஒரே படம் எதற்காக இரண்டு முறை?

பழம்பொருள் கடையில் வாங்கிய ஜப்பானிய அட்டை ஒன்றைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார் வாசகர் ஒருவர். கிமோனோ அணிந்த இரு பெண்கள் மரப்பாலத்தில் நிற்கிறார்கள். கையால் வண்ணம் தீட்டிய புகைப்படம். பக்கத்திலேயே அதே படம் மறுபடியும். “அச்சுப் பிழையா?” என்று கேட்கிறார்.

பிழையே இல்லை, அது ஸ்டீரியோ அட்டை: சற்றே வேறுபட்ட இரு படங்களைக் கருவி வழியே கண்ணுக்கு ஒன்றாகப் பார்த்தால், இரண்டும் இணைந்து ஆழமுள்ள ஒரே காட்சியாகத் தெரியும். 1859இல் யோகோஹாமா துறைமுகம் அயல்நாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்ட பின், ஜப்பான் வந்த பயணிகள் நினைவுப் பொருளாக வாங்கிச் சென்றவற்றில் வண்ணம் தீட்டிய புகைப்படங்களுக்குத் தனி இடம் இருந்தது. யோகோஹாமாவில் ஸ்டுடியோ நடத்திய எனாமி நொபுகுனி இரட்டைப் படங்களில் கைதேர்ந்தவர். இவற்றைப் பார்க்க உதவிய கைக்கருவி மேற்கிலிருந்து வந்தது. ஆங்கிலேய அறிவியலாளர் வீட்ஸ்டன் 1838இல் முகம் பார்க்கும் கண்ணாடிகளை வைத்துக் காட்டிய தத்துவத்தை, ஸ்காட்லாந்து அறிவியலாளர் புரூஸ்டர் லென்ஸுக்கு மாற்றினார். அமெரிக்க மருத்துவரும் எழுத்தாளருமான ஹோம்ஸ் அதை 1861 வாக்கில் மலிவான மரச்சட்டத்தில் பொருத்தினார்.

நம் கண்களுக்கு இடையே சுமார் 6.5 செ.மீ. இடைவெளி இருக்கிறது. அதனால் இரண்டு விழித்திரைகளிலும் விழும் பிம்பங்கள் சற்றே வேறுபடுகின்றன. விரலை முகத்துக்கு நேரே நீட்டி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். பின்னால் உள்ள சுவரின் மீது விரல் இடம் மாறுவது தெரியும். பொருள் பக்கத்தில் இருந்தால் பெரிய நகர்வு, தூரத்தில் இருந்தால் சிறிய நகர்வு. இந்த வேறுபாட்டை அளந்துதான் மூளை ஆழத்தைக் கணக்கிடுகிறது. இரு லென்ஸ் கேமரா அதே வேறுபாட்டைப் படத்தில் பதித்துவைக்கிறது.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு மீட்டர் தொலைவில் உள்ள பொருளை இரு கண்களும் பார்க்கும் திசைகளுக்கு இடையே ஏறத்தாழ 3.7 பாகைக் கோணம் இருக்கும். 20 கி.மீ. தள்ளி நிற்கும் ஃபூஜி மலைக்கோ அது ஒரு வினாடிக் கோணத்தைக்கூட (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு) தொடாது. எனவே மலை தட்டையாகவே தெரியும். முன்னால் ஒரு பைன் கிளையோ படகோ இருந்தால்தான் காட்சிக்கு உயிர் வரும். அட்டை வாங்குபவர்கள் முதலில் முன்புறத்தைப் பார்ப்பது நல்லது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. கேமராவின் ஒவ்வொரு லென்ஸும் பிம்பத்தைத் தலைகீழாகவும் இடவலம் மாற்றியும் விழச் செய்கிறது. படம் பதிந்த தகட்டை நேராக்க அரைச் சுற்று திருப்பினால், இடது லென்ஸின் படம் வலப்பக்கம் போய்விடும். ஆகவே அச்சிட்ட பிறகு இரண்டையும் வெட்டி, இடம் மாற்றி ஒட்ட வேண்டும். ஒட்டுபவர் கவனம் தவறினால் ஆழம் முழுவதும் கவிழ்ந்துவிடும்: பாலம் பின்னுக்குப் போகும், தொலைவில் உள்ள மரங்கள் முன்னால் பாயும். ஆனால் பெண்களின் முகங்கள் மட்டும் பெரும்பாலும் குழியாகத் தெரிவதில்லை. முகம் என்றால் மூக்கு முன்னால்தான் நீட்டிக்கொண்டிருக்கும் என்று மூளை வாழ்நாள் முழுதும் கற்றுவைத்திருக்கிறது. கண்கள் எதிராகச் சாட்சி சொன்னாலும் தன் அறிவையே நம்புகிறது. பார்ப்பது என்பது ஒளியை வாங்கிக்கொள்வது மட்டுமல்ல என்பதற்கு இதைவிட அழகான சான்றை நான் அறியேன்.

உங்கள் அட்டையைச் சோதிப்பது எளிது. முன்னால் உள்ள பொருள் ஒன்றையும் அதன் பின்னால் தெரியும் ஏதாவதொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வலது படத்தைவிட இடது படத்தில் முன்பொருள் பின்னணியின் மீது சற்று வலப்பக்கம் தள்ளியிருந்தால் அட்டை சரி. அப்படியே வண்ணத்தையும் பாருங்கள். ஒரு பெண்ணின் கிமோனோச் சிவப்பு ஒரு படத்தில் மட்டும் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தால், கருவியில் பார்க்கும்போது அந்த இடம் மினுமினுக்கும். இரு கண்களும் ஒன்றுக்கொன்று முரணான நிறத்தைச் சொல்ல, மூளை எதையும் உறுதிசெய்ய முடியாமல் தடுமாறுவதன் விளைவு அது.

1960 வாக்கில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பேலா யூலெஸ் என்ற ஆய்வாளர், உருவமே இல்லாத புள்ளிக் குவியல்களை இரட்டைப் படங்களாக்கி, வேறுபாடு ஒன்றே ஆழத்தைக் காட்டப் போதும் என்று நிறுவினார். புள்ளிகளை வைத்து விளையாடுவதற்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. இன்று கண் மருத்துவர்கள் குழந்தைகளின் இருகண் பார்வையைச் சோதிக்கப் பயன்படுத்துபவற்றில் அதே வகைப் புள்ளிப் படங்களும் உண்டு.

இதில் எனக்கு ஓர் ஆதங்கமும் உண்டு. மாறுகண் இருந்தால் அதிர்ஷ்டம் என்று நம் ஊரில் இன்னும் சொல்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு இரண்டு கண்களும் ஒரே இடத்தைப் பார்க்காததால், ஆழத்தைக் கணக்கிடும் நரம்பிணைப்புகள் சரியாக வளராமல் போகலாம். மூளை வளைந்துகொடுக்கும் சிறு வயதிலேயே சிகிச்சை தொடங்க வேண்டும். அதிர்ஷ்டம் என்று காத்திருந்து அந்த ஆண்டுகளை இழப்பது கொடுமை. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு குழந்தை இருந்தால் இந்த வாரமே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.