பழைய கேம் பாய் கார்ட்ரிட்ஜ்: பேட்டரியைக் கழற்றும் முன் சேவ் கோப்பைப் படியெடுங்கள்

கடந்த ஆண்டு ஒருவர் இரண்டு கார்ட்ரிட்ஜ்களைத் தகர டப்பா ஒன்றில் வைத்து என் பணிமேசைக்குக் கொண்டுவந்தார். இரண்டும் நின்டெண்டோவின் கேம் பாய் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியில் செருகி ஆடும் போக்கிமான் விளையாட்டுகள். சில்வர் அவருடையது, கோல்டு, இறந்துபோன அவருடைய அண்ணனுடையது. பேட்டரி பழையதாகிவிட்டது, முன்கூட்டியே மாற்றிவிடலாம் என்று சில்வரை வேறொரு கடையில் கொடுத்திருக்கிறார். அவர்கள் புதிய பேட்டரியைப் பொருத்தி, நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லித் திருப்பித் தந்திருக்கிறார்கள். வேலை செய்தது உண்மைதான். ஆனால் விட்ட இடத்திலிருந்து தொடரும் வாய்ப்பு மெனுவில் இல்லை; புதிய ஆட்டம் மட்டுமே இருந்தது. அண்ணனுடையதையாவது காப்பாற்ற முடியுமா என்று கேட்டுத்தான் அவர் வந்திருந்தார்.

இந்தக் கார்ட்ரிட்ஜ்களுக்குள் இரண்டு வேறுபட்ட நினைவகங்கள் இருக்கின்றன. விளையாட்டு, தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்ட ரோம் சிப்பில் இருக்கிறது. அதற்கு மின்சாரம் தேவையில்லை. விளையாடியவரின் பெயர், அவர் சேர்த்தவை, சென்ற இடங்கள் ஆகிய அனைத்தும், அதாவது சேவ், 32 கிலோபைட் அளவுள்ள எஸ்-ராம் சிப் ஒன்றில் இருக்கின்றன. 3 வோல்ட் தரும் சி.ஆர். 2025 பேட்டரிதான் அதை ஆண்டுக்கணக்கில் தாங்கிப் பிடித்திருக்கிறது. பேட்டரியை எடுத்ததும் சிப் எல்லாவற்றையும் இழந்துவிடும். கோல்டிலும் சில்வரிலும் இதே பேட்டரி ஒரு கடிகாரத்தையும் ஓட்டுவதால், அவற்றுக்கு முன் வந்த ரெட், புளூ கார்ட்ரிட்ஜ்களைவிட இவற்றில் பேட்டரி விரைவில் தீர்கிறது.

படியெடுப்பது என்றால் பெரும்பாலானோருக்கு ரோம்தான் நினைவுக்கு வருகிறது. அதுவும் தேவையான வேலைதான்: 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஆயினும், கோல்டின் 2 மெகாபைட் ரோம் இலட்சக்கணக்கான கார்ட்ரிட்ஜ்களில் ஒரே மாதிரி இருக்கிறது. அந்த 32 கிலோபைட் சேவ் உலகத்தில் அந்த ஒரு கார்ட்ரிட்ஜில் மட்டுமே இருக்கிறது. ஆகவே சேவ்தான் முதலில்.

ஜிபிஎக்ஸ்கார்ட் ஆர்டபிள்யூ, ஜோயி ஜூனியர், ஜிபி ஆபரேட்டர் போன்ற கருவிகள் யூ.எஸ்.பி. வழியாகக் கணினியோடு இணைந்து, கேம் பாய் கேட்பதைப் போலவே கார்ட்ரிட்ஜிடம் ஒவ்வொரு முகவரியாகக் கேட்டு விடையை எழுதிக்கொள்கின்றன. கேம் பாயின் கண்ணுக்கு ஒரே நேரத்தில் 32 கிலோபைட் ரோம் மட்டுமே தெரியும் என்பதால், பெரிய விளையாட்டுகளில் 16 கிலோபைட் பகுதிகளாக மாற்றிக் காட்டுவதற்கென்று தனிச் சிப் ஒன்று உண்டு. படிக்கும் மென்பொருள் அந்தச் சிப்பின் வகையைச் சரியாக அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கார்ட்ரிட்ஜின் தொடக்கத்திலும் நின்டெண்டோ சின்னம் 48 பைட்டுகளாகப் பதிந்திருக்கிறது. அது பிழையாக வந்தால், அதற்குமேல் எதையும் படிக்காமல் முதலில் இணைப்பைச் சரிபார்ப்பதே என் வழக்கம்.

கோல்டில் சின்னம் சரியாகத்தான் வந்தது. ஆனால் சேவ் கோப்பை இரண்டு முறை படித்தபோது இரண்டு கோப்புகளும் ஒத்துப்போகவில்லை. செப்புத் தொடுமுனைகள் மங்கிப்போய், ஓரத்தில் பசுமை படிந்திருந்தன. வாயால் ஊதக் கூடாது. எச்சில் ஈரம் அந்த அரிப்பை வளர்க்கவே செய்யும். கார்ட்ரிட்ஜைத் திறக்காமலேயே, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காட்டன் பட்ஸால் ஒவ்வொரு முனையாகத் துடைத்தேன். நான்கு பட்ஸ் கறுத்த பிறகுதான் ஐந்தாவது வெள்ளையாக வந்தது. காய்ந்தபின் மூன்று முறை படித்தேன். முதல் 32,768 பைட்டுகள் மூன்றிலும் ஒன்றாக இருந்தன. கோப்பின் கடைசியில் மென்பொருள் சேர்க்கும் கடிகார விவரம் மட்டும் மாறியிருந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பதால் அது மாறத்தான் வேண்டும். பிறகு கணினியில், கேம் பாயைப் போலவே இயங்கும் எமுலேட்டர் மென்பொருளில் திறந்து பார்த்தேன். ஏழு எழுத்துக்குள் சுருக்கி எழுதிய அண்ணனின் பெயர் திரையில் வந்தது.

ஒரு முறை மட்டும் படித்துவிட்டு நிறுத்துவது ஆபத்து. கோப்பு முழுவதும் ஒரே எண்ணாக நிரம்பியிருந்தால், நீங்கள் எடுத்தது சேவ் அல்ல. இணைப்பு கிடைக்கவில்லை அல்லது பேட்டரி ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. அதைவிடக் கொடியது பொத்தானை மாற்றி அழுத்துவது: சேவ் கோப்பைப் படிப்பது, எழுதுவது, அழிப்பது ஆகிய மூன்றும் இத்தகைய மென்பொருள்களில் அருகருகே இருக்கும். அழுத்துமுன் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மின்னழுத்தத்தையும் கவனியுங்கள். கேம் பாய் கார்ட்ரிட்ஜ் 5 வோல்ட்டிலும், அதற்குப் பின் வந்த கருவியான கேம் பாய் அட்வான்ஸின் கார்ட்ரிட்ஜ் 3.3 வோல்ட்டிலும் இயங்குபவை. கையால் மாற்றும் சுவிட்ச் உள்ள கருவியில், அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜுக்கு 5 வோல்ட் கொடுத்தால் அது கெட்டுப்போகலாம்.

அட்வான்ஸுக்கு வந்த ரூபி, சஃபையர் விளையாட்டுகள் தொடங்கும்போது பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அறிவிப்பதைக் கண்டு, எல்லாம் போயிற்று என்று கார்ட்ரிட்ஜை மலிவாக விற்றுவிடுபவர்கள் இருக்கிறார்கள். அவற்றில் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான். சேவ், மின்சாரம் இல்லாமலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் பத்திரமாக இருக்கிறது.

சட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். கணினி நிரல் ஒன்றின் படியைச் சட்டப்படி வைத்திருப்பவர், இழப்புக்கும் சேதத்துக்கும் எதிரான தற்காலிகப் பாதுகாப்பாக மட்டும் காப்புப்படி எடுத்துக்கொள்வதை இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52 அனுமதிக்கிறது. அது உங்களிடமுள்ள கார்ட்ரிட்ஜுக்கு உரியது. எடுத்த ரோமை இணையத்தில் ஏற்றுவதும், கார்ட்ரிட்ஜை விற்றுவிட்டுப் படியை வைத்துக்கொள்வதும் அதில் அடங்கா.

கோல்டின் சேவ் கோப்பை இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்த பிறகுதான் 3.8 மில்லிமீட்டர் தனி வகைத் திருப்புளியால் கார்ட்ரிட்ஜைத் திறந்தேன். பேட்டரி 2.6 வோல்ட் காட்டியது. பழையதைச் சாலிடர் நீக்கி எடுத்து, தகடுகள் ஏற்கெனவே பற்றவைக்கப்பட்ட புதிய சி.ஆர். 2025ஐப் பொருத்தினேன். வெறும் பேட்டரியின்மீது நேரடியாகச் சாலிடர் வைத்தால் சூட்டில் அது வெடிக்கக்கூடும். வீட்டில் யாரும் அதைச் செய்ய வேண்டாம். பிறகு சேவ் கோப்பைத் திரும்ப எழுதி, மீண்டும் ஒரு முறை படித்து, முதல் படியோடு ஒப்பிட்டேன். அவர் முன்னிலையில் கேம் பாயில் போட்டபோது, தொடரும் வாய்ப்பு மெனுவின் முதல் வரியில் இருந்தது. பேட்டரி மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் சிறு ஒட்டுத்தாளில் எழுதி, தகர டப்பாவின் மூடிக்குள் ஒட்டி, சேவ் கோப்பு உள்ள பென் டிரைவையும் அதனுடன் வைத்துக் கொடுத்தேன்.